மூக்குச் சதையும் நான் சொல்லாமல் விட்டதும்

ஐயா,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப்போவதில்லை. நீ நலமாக இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் உன் மூக்கிலிருந்து எடுத்த சதை மறுபடியும் வளர்ந்துவிட்டது, அடுத்த மாதம் மதுரையில் இன்னொரு ஆபரேசன் என்று நேற்று போனில் சொன்னாய். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. "நீ அலைய வேண்டாம்மா. செல்வி வாரா, அவ எல்லாம் பாத்துக்கிடுவா" என்றும் சொன்னாய். நான் போனை வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம்தான். ஆனால் அதற்கு அடியில் வேறொன்றும் இருக்கிறது. ஆபரேசனுக்கு முன்பு உன் டாக்டருக்குக் கட்டாயம் தெரிய வேண்டிய விஷயம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அது உனக்கும் தெரியாது, உன் பெண்டாட்டி செல்விக்கும் தெரியாது. போன ஆபரேசனிலேயே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அவள் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பாள். அதனால் எழுதுகிறேன். விஷயத்தை மட்டும் இரண்டு வரியில் எழுதி அனுப்பலாம்தான். ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது பாதிப் பொய்யாகிவிடும். பொறுமையாகக் கடைசிவரை படி.

நான் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் இல்லை. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் ஒட்டி ஒட்டித்தான் எழுத்துப் படித்தேன். கம்பி மத்தாப்பு, சங்குச் சக்கரம் என்று தினமும் கையில் கிடந்த வார்த்தைகளிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து எடுத்துக்கொண்டேன். பிறகு பேப்பரில் வரும் வைத்தியக் குறிப்புகளைக் கத்தரித்து வைத்துப் படித்தேன். நம் தெருவில் பிள்ளைகளுக்குச் சளி, கட்டி, வயிற்றோட்டம் என்றால் முதலில் என்னிடம்தான் வருவார்கள். எதிர்வீட்டுப் பேச்சியம்மாள், "ஒங்களுக்கு ஊசி போட மட்டுந்தான் தெரியாது" என்பாள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது, ஒத்துக்கொள்கிறேன். அப்படிப்பட்ட என் வீட்டில்தான் நீ பதினேழு வயதிலிருந்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டு திரிந்தாய்.

எம். புதுப்பட்டியில் மூக்கடைப்பு ஒரு நோயே இல்லை என்பது உனக்குத் தெரியும். வெடிக்குள் போகும் பொடியை நம் பக்கம் மருந்து என்கிறோம். மூக்கடைத்தால் மருந்து ஏறிவிட்டது என்போம், இருமினாலும் அதையேதான் சொல்வோம். வெல்லத்தைத் தின்னு, வாழைப்பழத்தைத் தின்னு, தீபாவளி கழிந்து பட்டாசுப் பட்டறை மூடினால் சரியாகிவிடும் என்போம். பெரும்பாலோருக்கு அப்படிச் சரியாகவும் செய்யும். தீபாவளிக்குப் பிறகு வேலை இல்லாத அந்த ஒரு மாதத்தில் ஊரே மூக்கைச் சிந்திவிட்டு நிம்மதியாக மூச்சு விடும். உனக்கு மட்டும் அந்த மாதத்திலும் அடைப்பு விடவில்லை. நீ பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனது பதினெட்டு முடிந்த பிறகு. அடைப்பு வந்தது அதற்கு ஒரு வருடம் முந்தி. இரண்டும் என் கண் முன்னால் நடந்தவை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. உனக்கு மருந்து ஊறிப்போய்விட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தும்பைப்பூவைக் கசக்கிச் சாறு விட்டேன். நொச்சி போட்டு ஆவி பிடிக்க வைத்தேன். டார்ச் லைட்டை அடித்து உன் மூக்குக்குள் பார்த்தேன். சிவப்பாக ஒரு தடிப்பு தெரிந்தது. சதை இதுதான் என்று நானே முடிவு செய்தேன். சாத்தூரில் ஒருவன் கார மருந்து வைத்துச் சதையைப் பொசுக்கிவிடுவதாகச் சொன்னான், அவனிடம் மட்டும் உன்னைக் கொண்டுபோகவில்லை. அந்தப் புத்தி கொடுத்ததற்கு இருக்கன்குடி மாரியம்மாளுக்கு இன்றைக்கும் கும்பிடு போடுகிறேன். பிறகு மெடிக்கல் கடையில் சொட்டு மருந்து வாங்கிவந்தேன். இரண்டு சொட்டு விட்டதும் நீ வாயை மூடிக்கொண்டு மூச்சு விட்டாய். "எப்படிலே இருக்கு?" என்று கேட்டேன். "தெறந்திருச்சும்மா" என்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பாட்டில் உன் சட்டைப்பையில் நான்கு வருடம் கிடந்தது.

உன் கல்யாணம் முடிந்து மூன்றாவது வாரம். ஆலங்குளத்தில் சிமெண்ட் ஆலைத் தொழிலாளி வீட்டில் பிறந்த பெண், நான் பார்த்து எடுத்த பெண், அடுப்படியில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத்தே, ஒண்ணு கேக்கட்டா? இவுகளுக்கு வாசமே தெரியலையே, ஒங்களுக்குத் தெரியுமா?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நேத்து தலையில வேப்பெண்ணெயத் தேச்சுட்டுப் பக்கத்துல போயி நின்னேன். மல்லிகப்பூவான்னு கேக்காக."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. "எம் மகன் வெளயாட்டுக்குச் சொல்லியிருப்பான்" என்றேன். "வெளயாட்டில்ல அத்தே. ராத்திரி கேட்டதுக்கு அவுகளே சொல்லிட்டாக. பதினேழு வயசுலருந்து ஒண்ணும் தெரியாதாம். அம்மாகிட்ட சொல்லிராதன்னாக" என்றாள். சொல்லாதே என்று நீ கேட்டுக்கொண்டதையும் சேர்த்தே என்னிடம் சொன்னாள்.

அன்றைக்கு எனக்கு வந்ததற்கு என்ன பெயர் என்று இப்போது தெரியும். பொறாமை. ஒன்பது வருடம் நான் வைத்த கருவாட்டுக் குழம்பை, "மணக்குதும்மா" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டவன் நீ. அத்தனையும் எனக்காகச் சொன்ன பொய். அந்தப் பொய்யை நீ எனக்குத் தந்தாய், உண்மையை மூன்று வாரம் பழகியவளுக்குத் தந்தாய். உன் பக்கத்து நியாயமும் புரிகிறது. மருந்து ரூமில் போர்மேனாக இருப்பவனுக்கு மூக்கு வேண்டும். ஈரம் பட்ட மருந்து சூடேறும்போது மூத்திர நெடி மாதிரி ஒன்று வரும், அது தெரிந்தவன்தான் மற்ற ஆட்களை வெளியே விரட்ட முடியும். மூக்கு இல்லை என்று தெரிந்தால் நான் கம்பெனிக்கே வந்து உன்னை இழுத்துக்கொண்டு போயிருப்பேன். அதற்குப் பயந்துதான் மறைத்தாய். ஆனால் அவளிடம் மறைக்கவில்லையே. அதை நினைத்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது.

அவள் அதோடு விடவில்லை. தீபாவளி கழிந்து பட்டறை மூடியிருந்த நேரம் அது. "தூசியின்னா லீவுல கொறயணும்லா அத்தே? எங்கப்பாவுக்கு ஆலை லீவுன்னா மூக்கு தொறந்துக்கிடும். இவுகளுக்கு இருவது நாளாச்சு, அப்படியே இருக்கே" என்றாள். நான் ஒன்பது தீபாவளியில் பார்க்காததை அவள் ஒரே தீபாவளியில் பார்த்தாள். பிறகு சொட்டு மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளை விரித்துப் படித்தாள். அது இங்கிலீஷில் இருந்தது. லேபிளில் தமிழ் மட்டும் படித்த எனக்கு அது வெறும் காகிதம். "அஞ்சாறு நாளைக்கு மேல விடக்கூடாதுன்னு போட்டிருக்கு. விட்டா அதுவே அடைப்பக் கொண்டுவருமாம்" என்றாள். குரலில் குத்தல் எதுவும் இல்லை. குத்தியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். குத்தாமல் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மதுரைக்கு மூன்று பேரும் போனோம். டாக்டர் ரூமுக்குள் உன்கூட ஒருவர்தான் வரலாம் என்றார்கள். நான் எழுந்தேன். நீ அவளைப் பார்த்தாய். நான் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே நடந்ததெல்லாம் அவள் வெளியே வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். நுனியில் விளக்கு வைத்த பேனா தடிமனில் ஒரு குழாயை மூக்குக்குள் விட்டாராம், உள்ளே இருப்பது டி.வி.யில் தெரிந்ததாம். நான் டார்ச் அடித்துப் பார்த்த சிவப்புத் தடிப்பு எல்லோருக்கும் இருப்பதுதானாம், தொட்டால் உணர்ச்சி உள்ள இடமாம். சதை அதற்கும் பின்னால், இரண்டு பக்கமும், தோலுரித்த திராட்சைக் குலை மாதிரி வெளிறிப்போய்த் தொங்கியதாம். தொட்டால் வலிக்காதாம். புற்று மாதிரித் தெரியவில்லை, இருந்தாலும் எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பிப் பார்த்துவிடுவோம் என்றாராம். ஸ்கேன் எடுத்து, கொஞ்ச நாளைக்கு மாத்திரையும் ஸ்பிரேயும் கொடுத்துச் சதையைச் சுருக்கிவிட்டு, பிறகு உள்ளே குழாய் விட்டே எடுத்துவிடலாம், முகத்தில் கத்தியே படாது என்றாராம். "திராட்ச மாதிரி பளபளன்னு இருந்துச்சு அத்தே" என்று கையை விரித்துக் காட்டினாள். உன்னைப் பெற்ற நான் பார்க்காத ஒன்றை உனக்குள்ளே பார்த்துவிட்டு வந்து எனக்கு விளக்குகிறாள். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன். உனக்குப் பத்தொன்பது வயதில், தீபாவளிச் சீசன் நேரத்தில் ஒரு நாள், உடம்பு வலி என்று படுத்தாய். பெட்டிக்கடையில் தலைவலி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மூக்கும் கண்ணும் ஒழுகி, முகம் சிவந்து, நெஞ்சில் விசில் அடிக்க ஆரம்பித்தது. உனக்கு அது நினைவிருக்கும், ஆனால் காலையில் வெடி மருந்து சலித்ததால் வந்தது என்று நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் சொன்னேன். இரண்டு வருடம் கழித்துப் பல்வலிக்கு அதே மாத்திரையைக் கொடுத்தேன். அதே சிவப்பு, அதே விசில். அன்று நீ கம்பெனிக்கே போகவில்லை. நீ அதையும் ஊறிப்போன வெடி மருந்து என்றே நினைத்தாய், எனக்கு மட்டும் அப்போது புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த மாத்திரையை வீட்டுக்குள் சேர்க்கவே இல்லை. உனக்கு வலி என்றால் சாதாரணக் காய்ச்சல் மாத்திரை மட்டும்தான் என் கையால் வரும். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. நானாகக் கண்டுபிடித்தது, என்னோடு இருக்கட்டும் என்று ஒரு நினைப்பு.

ஆபரேசனுக்கு முதல் நாள் டாக்டர் வராந்தாவுக்கு வந்தார். பெஞ்சில் நானும் உன் பெண்டாட்டியும் உட்கார்ந்திருந்தோம். "பேஷண்டோட ஒய்ஃப் யாரும்மா?" என்றார். அவள் எழுந்தாள். "ஏதாவது மாத்திரை ஒத்துக்காம போயிருக்கா? வலி மாத்திரை சாப்பிட்டு மூச்சுத் திணறல் வந்திருக்கா? இந்தச் சதை இருக்கிற சிலருக்கு அது சேர்ந்து வரும். உள்ளே அவர்கிட்ட கேட்டேன், இல்லைங்கிறார். வீட்டுல நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." அவள் யோசித்தாள். "இல்ல சார், அப்படி ஒண்ணும் இல்ல" என்றாள். கேள்வி எனக்கும் தெளிவாகக் கேட்டது, பதிலும் என் நாக்கில் இருந்தது. என்னிடம் கேட்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அம்மா யார் என்று அவர் கேட்கவில்லை. அவளும், "அத்தே, ஒங்களுக்கு எதும் தெரியுமா?" என்று திரும்பவில்லை. அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்ற அந்த நிமிடம் எனக்கு இனித்தது. அந்த இனிப்புக்காக உன் உயிரை அடமானம் வைத்துவிட்டேன். டாக்டர் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலை, வலிக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். மூக்கில் பஞ்சு அடைத்திருந்தது, வாயால் மட்டும் மூச்சு. சிறிது நேரத்தில் உன் நெஞ்சில் அந்த விசில். உதடு நீலம் பாரித்தது. நர்சுகள் ஓடிவந்தார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள், புகை மருந்து கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். உன் பெண்டாட்டி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, இங்கன பாருங்க, என்னயப் பாருங்க" என்று கத்தினாள். டாக்டர் வந்து, முன்னால் இப்படி வந்திருக்கிறதா என்று மறுபடியும் கேட்டார். அப்போதும் நான் பேசவில்லை. முதல் தடவை பேசாதது பொறாமையால். இரண்டாம் தடவை, முந்தின நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயத்தால். நல்லவேளை, அந்த மாத்திரையை அவர்களாகவே நிறுத்திவிட்டார்கள். மயக்க மருந்தாலும் இருக்கலாம், எதனால் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். எனக்கு மட்டும் உறுதியாகத் தெரிந்திருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. வீட்டுக்கு வந்து சில வாரத்தில் உனக்கு வாசம் திரும்பியது. நான் கருவாட்டுக் குழம்பு வைத்துக் காத்திருந்தேன். நீ வாசற்படி ஏறியதும் மூக்கைச் சுளித்து, "என்னம்மா இது, வீடு முழுக்கப் பசை வீச்சம்" என்றாய். லேபிள் ஒட்டும் பசைதான், ஐயா. மைதாவும் மயில்துத்தமும் சேர்த்துக் காய்ச்சிய பசை. உன்னை வளர்த்த பசை. அவள் உன் தோளில் தட்டி, "ஏங்க, அத்தே மொகத்தப் பாத்துப் பேசுங்க" என்றாள். எனக்காக அவள் பேச வேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டேனே என்று அன்று சாப்பிடவில்லை. இருக்கன்குடிக்கு வெள்ளியில் மூக்கு உரு வாங்கிப் போட நேர்ந்திருந்தேன், போட்டேன். அவளும் தனியாக ஒன்று நேர்ந்திருக்கிறாள். "ஒரு பிள்ளைக்கு ரெண்டு மூக்கா? ஆத்தா கொழம்பிறப் போறா" என்று பேச்சியம்மாள் சிரித்தாள். அடுத்த மாதமே நீங்கள் சிவகாசிக்குத் தனிக்குடித்தனம் போனீர்கள்.

போன வருடம் பொங்கலுக்கு வந்தபோது நீ தினமும் அந்த ஸ்பிரேயை மூக்கில் அடித்துக்கொண்டிருந்தாய். "நான் குடுத்த சொட்டு மருந்த மூக்குல விடாதன்னா ஒம் பெண்டாட்டி. இப்ப இத மட்டும் தெனம் அடிங்குறாளாக்கும். பழகிப்போயிரும்லே, நிறுத்து" என்றேன். நீ நிறுத்தினாய். சொட்டு மருந்து வேறு, ஸ்பிரே வேறு, சதை திரும்ப வராமல் இருக்கத்தான் அதை விடாமல் அடிக்கச் சொன்னார்கள் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவள் சொல்லி நீ செய்வதை, நான் சொல்லி நிறுத்த முடிகிறதா என்று பார்த்தேன். முடிந்தது. அதற்காக, சதை மறுபடி வளர்ந்த பழி முழுவதையும் என் தலையில் போட்டுவிடாதே. ஸ்பிரே அடித்தாலும் சிலருக்குத் திரும்ப வரும் என்று உன் டாக்டர் முதலிலேயே சொல்லியிருக்கிறார். பாதிப் பழியை ஏற்கிறேன். அதற்கு மேல் ஏற்க மாட்டேன்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பத்தொன்பது வயதிலும் இருபத்தொன்றிலும் நான் கொடுத்தது ஆஸ்பிரின் மாத்திரை. பல்வலிக்குக் கொடுத்த அன்றைய காலி அட்டையை எறியாமல் வைத்திருந்தேன், அதைப் பேச்சியம்மாளின் பேரனிடம் கொடுத்து இங்கிலீஷைப் படிக்கச் சொல்லி உறுதி செய்துகொண்டேன். அட்டையில் பெயர் உள்ள பக்கத்தைக் கத்தரித்து இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு தடவையும் அரை மணிக்குள் மூக்கு ஒழுகல், முகச் சிவப்பு, நெஞ்சில் விசில். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்த பிறகும் அதேதான் நடந்தது. ஆபரேசன் நாள்வரை காத்திருக்காதே. நாளைக்கே போன் பண்ணி டாக்டரிடம் சொல். உன் கேஸ் தாளின் முதல் பக்கத்தில் எழுதச் சொல். அவரைக் கேட்காமல் எந்த வலி மாத்திரையையும் வாயில் போடாதே. ஸ்பிரேயை யார் சொன்னாலும் நிறுத்தாதே, நான் சொன்னாலும்.

படித்து முடித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடாமல் செல்வியிடம் கொடு. முழுவதையும் கொடு, மாத்திரை பற்றிய பக்கத்தை மட்டும் பிரித்துக் கொடுக்காதே. அந்த பெஞ்சில் அவள் பக்கத்தில் என்ன உட்கார்ந்திருந்தது என்று அவளுக்குத் தெரியட்டும். அவள் என்னோடு பேசாமல் போனால் போகட்டும், நான் கெஞ்ச மாட்டேன். அவள்மேல் எனக்குப் பொறாமை இன்னும் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் இவ்வளவு எழுதியதும் வீண். ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் இனி அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். உனக்கு மூச்சு முட்டினால் பக்கத்தில் இருக்கப்போவது அவள்தான்.

நீ வர வேண்டாம் என்று சொன்னாய். நான் வருவேன். விருதுநகரில் பஸ் மாறி நானாகவே வந்து சேர்வேன், யாரும் அழைத்துப்போக வேண்டாம். டாக்டர் அவளைத்தான் கேட்பார். அவள் சொல்லட்டும். ஒரு வார்த்தை விட்டுப்போனால் நான் எழுந்து சொல்வேன். எதுவும் விட்டுப்போகாமல் அவளே எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டால், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு அதுதான் கஷ்டம்.

உன் அம்மா